அண்ணன் இரட்சிப்பை இழந்துவிட்டாரா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் 17 வயதில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டார். ஞானஸ்நானம் எடுத்தார், ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், கைப்பிரதி கொடுக்கத் தெருத்தெருவாகப் போனார். இப்போது பத்து வருடமாகச் சபைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுகிறார். உங்கள் சகோதர சபை மூப்பர், "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிக்கப்பட்டவன்தான், கவலைப்படாதே" என்கிறார். உங்கள் மனைவி போகும் பெந்தெகொஸ்தே சபையின் போதகரோ, "பின்மாற்றக்காரன் பரலோகம் போகமாட்டான், அவன் இரட்சிப்பை இழந்துவிட்டான்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். கடைசி வரியில், "எனக்கு என்னைப் பற்றியே நிச்சயம் இல்லை ஐயா" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் பதில் இதுதான். கிறிஸ்து தம்முடையவர்களைக் கைவிடமாட்டார். தம்முடையவர்களைத் தம் பின்னால் நடக்கவைக்காமலும் விடமாட்டார். உங்கள் மூப்பர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், போதகர் இரண்டாம் பாதியை. உங்கள் அண்ணன் விஷயத்தில் இருவருமே தங்களுக்கு உரிமையில்லாத ஒரு தீர்ப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும்" என்ற வாக்கியம் வேதத்தில் எங்கும் இல்லை. அதைச் சொல்கிறவர்களும் ஒரே கூட்டத்தார் இல்லை. ஒரு சாரார் சொல்வது: ஒருவன் ஒருநாள் மெய்யாக விசுவாசித்துவிட்டால் போதும், பிறகு விசுவாசத்தையே விட்டுவிட்டாலும், எப்படி வாழ்ந்தாலும், பரலோகம் உறுதி, கிடைக்கும் பலன் மட்டும் குறையும். இன்னொரு சாரார் 16-ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த சீர்திருத்த சபையார். இவர்கள் சொல்வது வேறு. தேவனால் மறுபடியும் பிறந்தவனைத் தேவன் கடைசிவரை நிலைநிறுத்துவார். அவன் விழலாம், கேவலமாகவும் விழலாம், ஆனால் எழுந்து வருவான். முழுவதுமாய் விட்டுப் போய் அப்படியே செத்தவன் ஆரம்பத்திலேயே பிறந்திருக்கவில்லை. "அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை" என்ற 1 யோவான் 2:19 இவர்களுக்கு முக்கியமான வசனம். நம் ஊர்ச் சபைகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்பட்டுப் பிரசங்கிக்கப்படுகின்றன. பாதிச் சண்டை அங்கிருந்துதான் வருகிறது.

எதிர்த்தரப்பும் அப்படித்தான், ஒன்றல்ல. லூத்தரன் சபையார் 1530-ல் ஆக்ஸ்பர்க்கில் வைத்த அறிக்கை, நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்ற போதனையைக் கண்டிக்கிறது. ஆனால் விழுந்தவன் மனந்திரும்பி எப்போது வந்தாலும் மன்னிப்பு உண்டு என்றும் அதே பகுதியில் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1547-ல் திரெந்து சங்கத்தில், சாவான பாவம் செய்கிறவன் விசுவாசத்தை இழக்காமலேயே கிருபையை இழக்கிறான், பாவசங்கீர்த்தனத்தின் வழியாக அதைத் திரும்பப் பெறலாம் என்று தீர்மானித்தது. உங்கள் மனைவியின் போதகர் இவர்களில் யாருடைய வாரிசும் இல்லை. அவர் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். மெய்யான விசுவாசியும் விழுந்து அழிந்துபோகக்கூடும் என்று 1751-ல் வெஸ்லி வாதாடி எழுதினார். மெதடிஸ்டு மரபிலிருந்து பரிசுத்த இயக்கம் பிறந்தது, அதன் மண்ணில் பெந்தெகொஸ்தே முளைத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. நெதர்லாந்தில் கால்வினின் வழியாரோடு வாதாடிய இறையியலாளர் அர்மீனியஸ் 1609-ல் இறந்த பிறகு, அவருடைய ஆதரவாளர்கள் 1610-ல் ஐந்து கட்டுரைகள் கொண்ட ஒரு மனுவைக் கொடுத்தார்கள். ஐந்தாவது கட்டுரை நம்முடைய கேள்விதான். இன்று அர்மீனியஸ் பெயரைச் சொல்கிறவர்கள் "இரட்சிப்பை இழக்கலாம்" என்று அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் அந்த முதல் மனு அப்படி அடித்துச் சொல்லவில்லை. மெய்யான விசுவாசி தன் அசட்டையினால் விழுந்துபோக முடியுமா என்பதை வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும், அதற்குப் பிறகுதான் உறுதியாய்ப் போதிக்க முடியும் என்று எழுதினார்கள். அவர்கள் பின்னால் "முடியும்" என்ற பக்கம் சாய்ந்தார்கள் என்பது வேறு. அதற்கு மறுமொழியாக நெதர்லாந்து சீர்திருத்த சபையாரின் டார்ட் மாநாடு 1618 நவம்பர் முதல் 1619 மே வரை கூடியது. அது வெளியிட்ட தீர்மானங்களைக் கடும் கால்வினியம் என்று சொல்வார்கள். எடுத்துப் படித்துப் பார்த்தால், பரிசுத்தவான்கள் நிலைத்திருப்பதைப் பற்றிய பகுதி தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லி, மெய்யான விசுவாசிகள் பயங்கரமான பாவத்தில் விழக்கூடும், மனசாட்சியைக் காயப்படுத்திக்கொள்வார்கள், சிலகாலம் கிருபையின் உணர்வையே இழப்பார்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. தேவன் அவர்களைக் காப்பது எப்படி என்ற இடத்தில் வாக்குத்தத்தங்களோடு எச்சரிப்புகளையும் பயமுறுத்தல்களையும் அவர் கையாளும் கருவிகளாகச் சேர்க்கிறது.

இப்போது பாருங்கள். மனந்திரும்பாமல், கிறிஸ்துவை மறுத்தபடியே செத்த ஒருவன் பரலோகத்தில் இருப்பான் என்று டார்டும் சொல்லவில்லை, வெஸ்லியும் சொல்லவில்லை. ஒருவர் "அவனிடம் இருந்ததேயில்லை" என்கிறார், மற்றவர் "இருந்தது, இழந்தான்" என்கிறார். முடிவு ஒன்றுதான். வழக்கு கடந்தகாலத்தைப் பற்றியது. எப்படி வாழ்ந்தாலும் சரி என்பவர்கள் மட்டுமே உண்மையில் தனியாக நிற்கிறார்கள். அவர்களோடு என்னால் நிற்க முடியாது. ஏன் என்பதற்கு ஒரு காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யோவான் 10-க்கு வருவோம். "நான் அவைகளுக்கு நித்தியஜீவனைக் கொடுக்கிறேன், அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." 28-ஆம் வசனம். நிறையப் பேர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தை யாரும் சட்டம்போட்டு மாட்டிப் பார்த்ததில்லை: "என் ஆடுகள் என் சத்தத்துக்குச் செவிகொடுக்கிறது, நான் அவைகளை அறிந்திருக்கிறேன், அவைகள் எனக்குப் பின்செல்லுகிறது." கவனியுங்கள், "பின்சென்றால் என் ஆடாக வைத்துக்கொள்வேன்" என்று ஆண்டவர் சொல்லவில்லை. பின்செல்வது ஆடாவதற்குக் கொடுக்கும் விலை அல்ல, ஆட்டின் இயல்பு. ஆனால் பின்செல்லாத, சத்தமே கேட்காத ஒன்றைக் காட்டி, "இதுவும் அந்தக் கைக்குள் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்ல 28-ஆம் வசனத்தை எடுக்கவும் முடியாது. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

அப்படியானால் எச்சரிப்புகள் எதற்கு? கைவிடவே மாட்டார் என்றால் "நீயும் வெட்டுண்டுபோவாய்" என்று ரோமர் 11:22-ல் பவுல் ஏன் பயமுறுத்த வேண்டும்? என் வாலிப நாட்களில் இது என்னைப் பல வருடம் வாட்டியது. அப்போஸ்தலர் 27-தான் எனக்கு வழி திறந்தது. கப்பல் புயலில் சிக்கியிருக்கிறது. 276 பேர். பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பவுல் எழுந்து நின்று, தேவதூதன் வந்து சொன்னான், உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது, கப்பல்தான் போகும் என்கிறார். நிபந்தனையே இல்லாத வாக்கு. ஒன்பது வசனம் தாண்டுங்கள். கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் படவை இறக்கி, நைசாகத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அதே பவுல் நூற்றுக்கு அதிபதியைப் பார்த்து, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். "வாக்குத்தான் கொடுத்தாயிற்றே, அப்புறம் இது என்ன?" என்று அந்தச் சேவகர்கள் கேட்கவில்லை. கத்தியை எடுத்துப் படவின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். படவு அலையில் போயிற்று. எல்லாரும் கரைசேர்ந்தார்கள், 276 பேரும்.

அந்த எச்சரிப்பு வாக்கைப் பலவீனப்படுத்தவில்லை. வாக்கு நிறைவேறியது அந்த எச்சரிப்பின் வழியாகத்தான். எபிரெயர் 6-ஐ நான் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறேன். ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு, பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, பிறகு மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாத காரியம் என்ற அந்தப் பகுதி. நேர்மையாகச் சொல்கிறேன், அந்த வார்த்தைகள் கனமானவை. "இதெல்லாம் போலி விசுவாசிகளைப் பற்றியது" என்று இரண்டு வரியில் தள்ளிவிடுகிற பிரசங்கியாரைக் கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். வெஸ்லியின் பக்கத்தார் இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு காரியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கோபத்தில் தப்பு செய்தவனையோ, ஐந்து வருடம் சபைக்கு வராதவனையோ பற்றி அங்கே பேச்சில்லை. நெருக்கத்துக்குப் பயந்து, குமாரனை அறிந்தபின் அவரைத் தள்ளிவிட்டு, சிலுவையை அவமானமென்று ஊரறியச் சொல்லிப் பழைய வழிக்குத் திரும்ப நினைக்கிறவர்களைப் பற்றியது. இரண்டாவது, 9-ஆம் வசனம். "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." அது கயிற்றை அறுக்கச் சொல்கிற குரல். மூழ்கிவிட்டீர்கள் என்று சொல்கிற குரல் இல்லை.

ஆதிச்சபை இதை ஏட்டில் வாதாடித் தீர்க்கவில்லை, ரத்தத்தோடு எதிர்கொண்டது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டேசியுஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்டான். பலியிட்டவனுக்கு அதிகாரிகள் கையெழுத்திட்ட ஒரு சான்று கொடுப்பார்கள். எகிப்தின் மணலில் அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் சில இன்றும் கிடைத்திருக்கின்றன: "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், உங்கள் முன்னிலையில் இப்போதும் பலியிட்டு ருசிபார்த்தேன்" என்ற பொருளில் மனு, கீழே சாட்சிக் கையெழுத்து. எத்தனையோ கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அழுதுகொண்டு சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமில் நோவாசியன் என்ற குரு, இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜின் கண்காணி சிப்ரியான், தவம் செய்யட்டும், சேர்த்துக்கொள்வோம் என்றார். சபை சிப்ரியானோடு நின்றது. 325-ல் நிசேயா சங்கம், நோவாசியனின் கூட்டத்தாரில் திரும்பி வருகிற குருக்கள், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் வைக்கச் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தது. வெளிப்படையாக மறுதலித்தவனுக்கே கதவு திறந்திருந்தது என்றால், சபைக்கு வராமல் பேச்சை மாற்றுகிற உங்கள் அண்ணனுக்குக் கதவு மூடிவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

இப்போது உங்களைப் பற்றி.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு பக்கம் ஓட்டைப் பாத்திரங்களைச் சீர்செய்கிற ஒரு தொழிலாளி இருந்தார். ஜான் பனியன். மனந்திரும்பின பிறகு அவருக்கு ஒரு சோதனை வந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று ஓயாமல் மனதுக்குள் ஒரு நெருக்கம். சாப்பிட உட்கார்ந்தால், ஒரு குண்டூசியைப் பொறுக்கக் குனிந்தால், அது. "ஆயிரம் உலகம் கொடுத்தாலும் விற்கமாட்டேன்" என்று மூச்சுவாங்கப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காலை படுக்கையில், களைத்துப்போய், "அவருக்கு இஷ்டமானால் போகட்டும்" என்று ஒரு நினைவு ஓடிவிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம், கண்ணீரோடு தேடியும் மனம்மாறுதலைக் காணாத ஏசாவைப் பற்றிய எபிரெயர் 12:17 அவர் மேல் மலைபோல உட்கார்ந்திருந்தது. தான் இழந்துவிட்டதாகவே நம்பினார். ஒருநாள் வயல்வழியாக நடந்துபோகும்போது, "உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை அவருக்குள் விழுந்தது. தன் மனம் நல்ல நிலையில் இருப்பதால் அந்த நீதி கூடுவதுமில்லை, கெட்ட நிலையில் இருப்பதால் குறைவதுமில்லை, ஏனென்றால் அந்த நீதி கிறிஸ்துவே, அவர் நேற்றும் இன்றும் என்றும் மாறாதவர் என்று கண்டார். கால்களில் இருந்த விலங்கு கழன்று விழுந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இந்த விடுதலை அவரை அலட்சியக்காரனாக்கவில்லை. பிரசங்கிப்பதை நிறுத்த மறுத்ததால் 1660 முதல் 12 வருடம் சிறையில் இருந்தார். அவர் எழுதிய யாத்திரைக் கதையில், அறிவீனன் என்ற பாத்திரம் பரலோக வாசல்வரை வந்து, காட்டச் சீட்டு இல்லாமல், அங்கிருந்தே நரகத்துக்குக் கொண்டுபோகப்படுகிறான். நிச்சயத்தின் ஆறுதலை அவ்வளவு ஆழமாக அனுபவித்த அதே கைதான் அந்த எச்சரிப்பையும் எழுதியது. அந்தக் கதையைத் தழுவித்தான் நம் திருநெல்வேலிச் சீமைக் கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், 1894-ல் வெளியானது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருக்கு இந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்காது. தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போவதுபோலப் பெருமாள் காப்பாரா, குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோல நாம் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்று தென்கலையாரும் வடகலையாரும் நூற்றாண்டுகளாக வழக்காடிய மண் இது.

பூனையா குரங்கா என்று என்னைக் கேட்டால், பூனை என்பேன். அதற்கு என் பெரியம்மாதான் காரணம். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அவர் வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், தான் இரட்சிக்கப்பட்ட தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கடைசி நான்கு வருடம் நினைவு மங்கிவிட்டது. மகன் பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் முடித்து ஆமென் சொன்ன ஐந்தாவது நிமிடம், "ஜெபம் பண்ணியாச்சா?" என்பார். ஒரு சாயங்காலம் என்ன தெளிவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் மறந்து போகுதேடா. ஆண்டவரையும் மறந்துட்டா என்ன பண்ணுவேன்?" என்றார். நான் ஏசாயா 49-ஐ எடுத்து வாசித்தேன். "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை. இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." பெரியம்மா தன் உள்ளங்கையை விரித்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி. நானும் அதே வசனத்தை மறுபடியும் வாசித்தேன். அன்றைக்கு ஆறேழு தடவை வாசித்திருப்பேன்.

இரட்சிப்பு நம்முடைய தொடர்ந்த கீழ்ப்படிதலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறவர்களிடம் நான் மரியாதையோடு கேட்பது இதுதான்: அந்த நான்கு வருடம் என் பெரியம்மா எதற்குக் கீழ்ப்படிந்தார்? எதை நினைவில் வைத்து விசுவாசித்தார்? அவர் பிடி தளர்ந்துவிட்டது, தளர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. அவரைப் பிடித்திருந்தவர் தளரவில்லை. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

எப்படி வாழ்ந்தாலும் சரி என்பவர்களோடு நிற்க முடியாது என்றேனே, அந்தக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர், தான் இரட்சிக்கப்பட்ட தேதி, நேரம், அன்று பாடிய பாட்டு வரைக்கும் சாட்சியாகச் சொல்வார். கேட்கிறவர்கள் கண் கலங்கும். அவர் வீட்டில் சமைத்த அம்மாவுக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. அந்த அம்மா எங்களிடம் வந்து அழுதபோது நான் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பலன்ல குறையும் பிரதர், இரட்சிப்புல கைவைக்க முடியாது" என்றார். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டுகிறது என்று யாக்கோபு 5 சொல்கிறதே என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த மனிதருக்கு நான் யோவான் 10:28-ஐ வாசிக்கமாட்டேன். மத்தேயு 7:23-ஐ வாசிப்பேன். "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று ஆண்டவர் சொல்வது தீர்க்கதரிசனம் சொன்னவர்களிடம், பிசாசு துரத்தினவர்களிடம், அவருடைய நாமத்தைச் சொல்லி ஊழியம் செய்தவர்களிடம். "ஒருகாலத்தில் அறிந்திருந்தேன்" என்று அவர் சொல்லவில்லை என்பதையும் பாருங்கள்.

நம் மொழியில் விசுவாசம் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் இருக்கிறது. ஒருவரை நம்புவதும் விசுவாசம், அவருக்கு உண்மையாக இருப்பதும் விசுவாசம். "விசுவாசமான வேலைக்காரன்" என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான பிஸ்டிஸ் என்பதும் அப்படித்தான், நம்பிக்கையையும் உண்மையாயிருத்தலையும் சேர்த்தே தாங்கும். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லும்போது, கிருபையோடு இன்னொன்றைக் கூட்டுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துக் காட்டுகிறார். பிலிப்பியர் 2-ல் பவுல், "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு மூச்சுவிடாமல் அடுத்ததைச் சொல்கிறார்: ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. நாம் பிரயாசப்பட்டால் அவர் வருவார் என்ற வரிசை அங்கே இல்லை. அவர் உள்ளே வேலை செய்கிறார், அதனால் பிரயாசப்படு என்கிறார்.

தம்பி, நீங்கள் உங்களைப் பற்றி நிச்சயமில்லை என்றீர்கள். நிச்சயம் இல்லாததும் இரட்சிப்பு இல்லாததும் ஒன்றல்ல. கால்வினின் வழியார் இங்கிலாந்தில் 1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, நிலைத்திருத்தலைப் பற்றி 17-ஆம் அதிகாரத்தில் அவ்வளவு உறுதியாகப் பேசிவிட்டு, 18-ஆம் அதிகாரத்தில், மெய்யான விசுவாசியும் இந்த நிச்சயத்துக்கு வந்துசேர நெடுங்காலம் காத்திருக்கவும் பல கஷ்டங்களோடு போராடவும் நேரிடலாம் என்கிறது. நிச்சயம் தேடி, இரட்சிக்கப்பட்ட தேதியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்காதீர்கள். கை உயர்த்தினேனா, அழுதேனா, ஜெபத்தைச் சரியாகச் சொன்னேனா என்று தோண்டினால் தோண்டத் தோண்டச் சந்தேகம்தான் ஊறும். முன்னால் வா, இன்றே தீர்மானி என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பினவர்களில் 1830-களின் அமெரிக்கப் பிரசங்கியார் ஃபின்னி முக்கியமானவர். அதன் வழியாகப் பலர் மெய்யாகவே வந்திருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பவுலோ, யோவானோ யாரையும் அந்த நாளைப் பார் என்று திருப்பி அனுப்பவில்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று ஆண்டவர் யோவான் 6:37-ல் சொல்கிறார். நீங்கள் 1998-ல் வந்தீர்களா இல்லையா என்பது தெளிவில்லை என்றால், இன்று ராத்திரி வாருங்கள். ஏற்கெனவே வந்தவராக இருந்தாலும் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். உங்கள் இருதயம் உங்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதென்றால் 1 யோவான் 3:20-ஐப் படியுங்கள். உங்கள் இருதயத்திலும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று அங்கே எழுதியிருக்கிறது. பாவத்தில் விழுந்தால் வலிக்கிறது, ஜெபிக்காமல் இருந்தால் ஏக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செத்த உடம்புக்கு வலிக்காது தம்பி.

இனி உங்கள் அண்ணன். பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதத்தின் கடைசியில் தன் உடன்வேலையாட்கள் நால்வர் பெயரை வரிசையாகச் சொல்கிறார்: மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. மாற்கும் தேமாவும் ஒரே வரியில். அந்த மாற்கு யார்? அதற்குப் பல வருடம் முன்னால் பெர்கே பட்டணத்தில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனவர். அவரை மறுபடியும் கூட்டிப்போகமாட்டேன் என்று பவுல் பிடிவாதமாக நின்றதால் பவுலும் பர்னபாவுமே பிரிந்துபோனார்கள். அன்று நீங்கள் பவுலிடம் போய் மாற்கைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? கடைசியாக 2 தீமோத்தேயு 4. பத்தாம் வசனம்: தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னைவிட்டுப் பிரிந்துபோனான். பதினோராம் வசனம்: மாற்கை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். நடுவில் விட்டுப்போனவர் திரும்பி வந்திருக்கிறார், நன்றாக நின்றவர் போய்விட்டார். தேமாவின் கதைகூட அந்த வசனத்தோடு முடிந்ததா என்று வேதம் சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் இப்போது எந்த வசனத்தில் இருக்கிறார் என்று உங்கள் மூப்பருக்கும் தெரியாது, போதகருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் மாற்காக இருக்கலாம் என்பதால் நம்பிக்கையை விடாதீர்கள், தேமாவாக இருக்கலாம் என்பதால் ஜெபத்தை விடாதீர்கள். "அவர் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார்" என்று சும்மா இருப்பது அன்பில்லை. வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் "நீ நரகத்துக்குத்தான் போவாய்" என்று சொல்வதும் அன்பில்லை, அதை ஏற்கெனவே யாரோ செய்திருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. பேதுரு மறுதலிப்பதற்கு முன்னாலேயே ஆண்டவர் அவருக்காக, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" வேண்டிக்கொண்டார். மறுதலித்த பிறகு கரையில் கரிநெருப்புப் போட்டு மீன் வைத்து, "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்றுதான் கூப்பிட்டார். என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது.

இந்தச் சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போங்கள். போதகரையும் மூப்பரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அண்ணிக்குப் பிடித்தது ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். இரட்சிப்பைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் தனியாக உட்காரும்போது, அன்று கைப்பிரதி கொடுக்க எந்தெந்தத் தெருவுக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள், அடுத்த மாதம் மறுபடியும் போங்கள். பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சபையில் யாரோ செய்த ஏதோ ஒன்று அதில் வரும் என்று நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.